வி. வி. கிரி

வராககிரி வேங்கட கிரி (ஆகஸ்ட் 10, 1894 – ஜூன் 24, 1980) இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவர் ஆவார். வி. வி. கிரி என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கி, தொடருந்துத் தொழிலாளர் தலைவராகவும், சென்னை மாகாண அமைச்சராகவும், இலங்கைக்கான இந்திய உயர் ஆணையராகவும், நடுவண் தொழிலாளர் அமைச்சராகவும், மூன்று மாநிலங்களின் ஆளுநராகவும் பணியாற்றிய பின்னர் 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 1975ஆம் ஆண்டு இவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

1969ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்காகவே கிரி இன்று பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். எனினும் இந்தியத் தொழிலாளரின் அன்றாட வாழ்வைத் தொட்டது, அவர் நடுவண் அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1953ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமே ஆகும். வேலை நின்றுபோன நாளுக்கும் ஊதியத்தில் ஒரு பகுதி உண்டு என்பதை இந்தியச் சட்டம் நாடு முழுவதற்குமாக ஏற்றுக்கொண்டது அப்போதுதான். அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற எல்லையும் அப்போதே வகுக்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

கிரி அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள பெர்காம்பூரில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். இந்நகர் இன்று ஒடிசா மாநிலத்தில் உள்ளது. தந்தை ஜோகையா பந்துலு வழக்கறிஞரும் காங்கிரசுக்காரரும் ஆவார். தாயார் சுபத்ரம்மாவும் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். பெர்காம்பூரின் கல்லிக்கோட்டைக் கல்லூரியில் படித்த கிரி, 1913ஆம் ஆண்டு சட்டம் பயில்வதற்காக அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றார். அக்காலத்தில் சட்டம் பயிலச் சென்ற இந்தியர்களில் பெரும்பாலோர் இலண்டனையே நாடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அயர்லாந்தில்

கிரி டப்ளினுக்குச் சென்ற ஆண்டில்தான் அந்நகரின் புகழ்பெற்ற கதவடைப்பு நடந்தது. 1913 ஆகஸ்ட் முதல் 1914 தொடக்கம் வரை, சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை வேலையிலிருந்து முதலாளிகள் விலக்கி வைத்தனர். ஜிம் லார்கினும் ஜேம்ஸ் கானலியும் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கினர். பல்லாயிரம் குடும்பங்கள் மாதக்கணக்கில் வருமானமின்றி இருந்தன.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்கலாம். அயர்லாந்தையும் உள்ளடக்கிய அன்றைய ஐக்கிய இராச்சியத்தில் வேலையின்மைக் காப்பீடு அப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங் வீதம் ஆண்டுக்கு 15 வாரம் வரை வழங்க வகை செய்தது. ஆனால் கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல், வார்ப்பு, மர அறுப்பு போன்ற குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. துறைமுகத்தில் நாள்தோறும் காலையில் வரிசையில் நின்று வேலை பெறும் சுமைக் கூலிகள், வண்டியோட்டிகள், வீட்டு வேலை செய்வோர், சொந்தமாகச் சிறுதொழில் செய்வோர் ஆகியோர் இதில் சேரவில்லை. வேலை உறுதியற்றவருக்கே காப்பும் இல்லை என்ற இந்நிலை பிற்காலத்தில் இந்தியாவிலும் தொடர்ந்தது.

அயர்லாந்து விடுதலை இயக்கத்தினருடன் கிரிக்குத் தொடர்பு ஏற்பட்டது. அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் தாமஸ் மக்டொனா. 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் மக்டொனாவும் கானலியும் மரண தண்டனைக்கு உள்ளாயினர். எழுச்சியாளர்களுடன் தொடர்புடையவர் என்ற ஐயத்தின் பேரில் கிரி நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அதற்கு முன்பே வழக்கறிஞர் தகுதியைப் பெற்றுவிட்டார்.

தொடருந்துத் தொழிலாளர் இயக்கம்

1916ஆம் ஆண்டு நாடு திரும்பிய கிரி வழக்கறிஞராகப் பணியாற்றினார். தன்னாட்சி இயக்கத்திலும் காங்கிரசிலும் ஈடுபட்டார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டுச் சிறை சென்றார்.

1920களில் அவரது கவனம் தொடருந்துத் தொழிலாளர்பால் திரும்பியது. அனைத்திந்தியத் தொடருந்துத் தொழிலாளர் கூட்டமைப்பை நிறுவியவர்களுள் ஒருவராகவும், நீண்ட காலம் அதன் பொதுச் செயலாளராகவும் இருந்தார். வங்காள நாக்பூர் தொடருந்து நிறுவனத்தின் கரக்பூர் பணிமனையில் 1927-28ஆம் ஆண்டுகளில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டம் அவரை நாடறியச் செய்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்காக வேலையில் இருந்தவர்கள் போராடினர் என்பது இதன் சிறப்பு. போராட்டம் வன்முறையின்றி நடந்தது. ஆட்குறைப்பு என்பது முதலாளியின் தனி உரிமை அன்று, அதற்கு விலை உண்டு என்ற கருத்து கிரியிடம் உறுதிப்பட்டது இக்காலத்திலேயே எனலாம்.

1926ஆம் ஆண்டு அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவரானார். 1942ஆம் ஆண்டு மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். 1927ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

1929ஆம் ஆண்டு தொழிற்சங்கக் காங்கிரசு பிளவுபட்டது. அரசு அமைத்த தொழிலாளர் அரச ஆணையத்துடன் ஒத்துழைப்பதா, புறக்கணிப்பதா என்பது பிளவுக்கான காரணங்களில் ஒன்று. கிரியும் என். எம். ஜோஷியும் ஒத்துழைக்கும் தரப்பில் நின்று இந்தியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தொடங்கினர். விட்லி ஆணையம் என்று அழைக்கப்படும் அந்த ஆணையம் 1931ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. வேலை நேரம், குடியிருப்பு, கடன் சுமை ஆகியவை பற்றி விரிவாகப் பேசிய அது, வேலையின்மைக் காப்பீடு இந்தியாவின் அன்றைய சூழலில் இயலாது என்றே கருதியது. தொழிலாளர் நிலையாக ஓரிடத்தில் இல்லாமல் கிராமத்துக்கும் ஆலைக்கும் இடையே அலைந்தபடி இருந்தது இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. அலைச்சலுக்கே வேலை உறுதியின்மை காரணமாக இருக்கலாம் என்ற கோணம் அவ்வளவாக ஆராயப்படவில்லை.

அதே 1931ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதியாகக் கிரி பங்கேற்றார். பின்னர் நடுவண் சட்டமன்றத்தின் உறுப்பினராகவும் இருந்தார்.

சென்னை மாகாண அமைச்சர்

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சியின் தலைவரும் மாகாண முதலமைச்சருமான பொப்பிலி அரசரை அவரது சொந்தத் தொகுதியிலேயே கிரி தோற்கடித்தார். இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறைகள் அவருக்கு ஒதுக்கப்பட்டன.

கொங்கு நாட்டுக்கும் கிரிக்குமான தொடர்பு இப்பதவிக் காலத்தைச் சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பின் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் விரைந்து பெருகின. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வேளாண் குடும்பத்தினர் ஆலை வேலைக்கு வந்தனர். கூலி, வேலை நேரம், பதிலித் தொழிலாளர் முறை ஆகியவை குறித்து அடிக்கடி தகராறுகள் மூண்டன. 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின்கீழ் விசாரணை மன்றம் அமைத்து ஆலைகளின் நிலைமை ஆராயப்பட்டது. வேலைநிறுத்தம் முற்றிய பிறகு காவல்துறையை அனுப்புவதைவிட, முன்கூட்டியே இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது மேல் என்பது கிரியின் அணுகுமுறை. அது எப்போதும் கைகூடியது என்று சொல்ல இயலாது.

1939ஆம் ஆண்டு, போரில் இந்தியாவை ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. கிரியும் விலகினார். தொடர்ந்து சிறைப்பட்டார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது வேலூர், அமராவதி சிறைகளில் 1945 வரை இருந்தார். 1946ஆம் ஆண்டு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிரகாசம் அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார்.

இலங்கையில்

1947 முதல் 1951 வரை இலங்கைக்கான முதல் இந்திய உயர் ஆணையராகக் கிரி கொழும்பில் பணியாற்றினார். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிய காலம் இது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி தந்தபோதிலும், தொடர்ந்து வசித்ததற்கான சான்றுகளைத் தொழிலாளரே காட்ட வேண்டியிருந்தது. பரம்பரையாகத் தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்களிடம் அத்தகைய ஆவணங்கள் பெரும்பாலும் இல்லை. இச்சிக்கலைத் தீர்க்கும் அதிகாரம் உயர் ஆணையரிடம் இருக்கவில்லை. இரு அரசுகளுக்கிடையிலான பேச்சு 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் வரை நீண்டது.

நடுவண் தொழிலாளர் அமைச்சர்

1952ஆம் ஆண்டு முதலாவது மக்களவைத் தேர்தலில் பாதப்பட்டினம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கிரி, நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். அவர் பதவியேற்ற ஆண்டிலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, சமூகப் பாதுகாப்பின் குறைந்தபட்ச அளவுகள் பற்றிய 102ஆம் உடன்படிக்கையை ஏற்றது. மருத்துவம், முதுமை, மகப்பேறு உள்ளிட்ட ஒன்பது பிரிவுகளில் வேலையின்மை உதவியும் ஒன்று. இந்தியா அதில் சேரவில்லை.

உள்நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீடு அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர் (ஜனவரி 23, 1955). நோய், மகப்பேறு, வேலையிடத்துக் காயம் ஆகியவற்றுக்கு அதில் உதவி இருந்தது. வேலையின்மைக்கு இல்லை. தொழிலாளர் வைப்புநிதித் திட்டம் 1952 நவம்பரில் நூல், சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு, காகிதம் ஆகிய ஆறு தொழில்களில் தொடங்கியது.

தொழில் தகராறுகளில் அரசு கட்டாயத் தீர்ப்பு வழங்குவதைக் கிரி விரும்பவில்லை. சங்கமும் நிர்வாகமும் நேரடியாகப் பேசி முடிவு காண வேண்டும், நீதிமன்றத்தையே நம்பியிருந்தால் சங்கங்கள் வலுவிழக்கும் என்பது அவரது கருத்து. 1952 அக்டோபரில் நைனிதாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இது விவாதிக்கப்பட்டது. கிரி அணுகுமுறை என்று இதற்குப் பெயரே ஏற்பட்டது. முதலாளிகள் மட்டுமன்றித் தொழிற்சங்கங்களிலும் பல இதனை ஏற்கவில்லை. வலிமை குறைந்த சங்கங்களுக்குத் தீர்ப்பாயமே ஒரே துணையாக இருந்தது அதற்குக் காரணம்.

1953ஆம் ஆண்டின் திருத்தம்

கொரியப் போர்க் காலத்து விலையேற்றம் ஓய்ந்த பின் 1952-53இல் துணிச் சந்தை தளர்ந்தது. ஆலைகளில் சரக்குத் தேங்கியது. தொழிலாளர்கள் தற்காலிகமாகவும் நிரந்தரமாகவும் வெளியே அனுப்பப்பட்டனர். 1953 அக்டோபரில் முதலில் அவசரச் சட்டமாகவும், பின்னர் நாடாளுமன்றச் சட்டமாகவும் (1953இன் 43ஆம் சட்டம்) 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் திருத்தப்பட்டது. இதன்மூலம் ஐந்து-அ என்ற புதிய அத்தியாயம் சேர்ந்தது.

நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறையாலோ, சரக்குத் தேக்கத்தாலோ, எந்திரப் பழுதாலோ வேலை தர இயலாமற் போனால் அது தற்காலிக வேலைநிறுத்தி வைப்பு ஆகும். அந்நாள்களுக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் பாதியைத் தொழிலாளிக்கு வழங்க வேண்டும். 12 மாதங்களில் 45 நாள் வரை இந்த உரிமை உண்டு. ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். மீண்டும் ஆள் எடுத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும்.

இது காப்பீடு அன்று. தொழிலாளியோ அரசோ எந்தப் பங்குத் தொகையும் செலுத்துவதில்லை. முழுச் சுமையும் முதலாளியைச் சேர்ந்தது. ஆகவே முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான் இந்த உரிமையே உண்டு. அப்படி இருந்தாலும் சில தகுதிகள் தேவைப்பட்டன. தற்காலிக நிறுத்தத்துக்கான இழப்பீட்டைப் பெற, நிறுவனத்தில் குறைந்தது 50 தொழிலாளர் இருக்க வேண்டும். அது பருவகாலத் தொழிலாக இருக்கக் கூடாது. தொழிலாளியின் பெயர் வருகைப் பேரேட்டில் இருக்க வேண்டும். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். பதிலித் தொழிலாளரும் தற்காலிகக் கூலிகளும் சேரார். இழப்பீடு பெறுபவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தம் வருகையைத் தெரிவிக்கவும் வேண்டும். வேறு பொருத்தமான வேலை கொடுத்து மறுத்தால் இழப்பீடு இல்லை. வேலையில்லாதவர் வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறார் என்பதை மெய்ப்பிக்க உலகெங்கும் கையாளப்படும் சோதனையின் எளிய வடிவமே இது.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

இச்சட்டம் யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதை அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். மின்வெட்டால் கோவையின் ஒரு நூற்பாலை பத்து நாள் நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு மேல் பணியாற்றிய நிரந்தரத் தொழிலாளிக்கு அந்நாள்களுக்குப் பாதி ஊதியம் கிடைக்கும். அவருக்குப் பதிலாக அவ்வப்போது வேலை செய்யும் பதிலிக்கு ஒன்றும் இல்லை. அந்த ஆலையின் நூலை நம்பியிருந்த கைத்தறி நெசவாளருக்கும் ஒன்றும் இல்லை.

அந்தியூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தின் பவானி வட்டத்தில் இருந்தது. அந்தியூர், பவானி, சென்னிமலை வட்டாரங்களின் நெசவாளர் வீட்டிலேயே குழித்தறி வைத்து நெய்தனர். தறி அவருடையது, வீடு அவருடையது. நூலோ பெரும்பாலும் ஜவுளிக்காரரிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். நெய்து கொடுத்த அளவுக்குக் கூலி. மனைவி நூல் சுற்றுவார், பிள்ளைகள் உதவுவர், அவர்களுக்குத் தனிக் கூலி இல்லை. பாவு தீர்ந்து அடுத்த பாவு கிடைக்காத நாள்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறினால் நெசவு நிற்கும். இவர் சட்டப்படி யாருடைய தொழிலாளி என்ற கேள்விக்கு விடை இல்லை. சொந்தத் தொழில் செய்பவர் என்று வகைப்படுத்தினால், வேலையில்லாதவர் என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது. தறி வீட்டில் இருக்கும்போது வேலை போயிற்று என்று யாரிடம் சான்று பெறுவது?

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் சமூகப் பாதுகாப்பு முறைக்கு அடித்தளமிட்ட வில்லியம் பெவரிட்ஜின் 1942ஆம் ஆண்டு அறிக்கையும் சொந்தத் தொழில் செய்வோரைத் தனி வகுப்பாகப் பிரித்து, வேலையின்மை உதவியிலிருந்து விலக்கியே வைத்தது. (பெவரிட்ஜ் வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தவர்.) கடை வைத்திருப்பவர் விற்பனையின்றி அமர்ந்திருக்கும் நாளை வேலையற்ற நாள் என்று எப்படி அளப்பது என்பதே அங்கும் தடையாக இருந்தது.

நெசவாளர் துயரம் அக்காலத்தில் பெரும் அரசியல் சிக்கலாக இருந்தது. 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா உள்ளிட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தினர் கைத்தறித் துணிகளைத் தெருக்களில் சுமந்து விற்றனர். முதலமைச்சராக இருந்த இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று நடுவண் அரசை வற்புறுத்தினார். ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டே ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி (அணாவில் கால் பங்கு) கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகை கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது.

ஆக, ஒரே ஆண்டில் ஆலைத் தொழிலாளிக்கு வழக்காடிப் பெறக்கூடிய உரிமையும், நெசவாளருக்குத் தள்ளுபடி விற்பனை, கூட்டுறவுச் சங்கம் வழியான உதவியும் கிடைத்தன. முன்னது தனி மனிதருக்குரியது. பின்னது தொழிலுக்குரியது. சங்கத்தில் உறுப்பினராக இல்லாத கூலி நெசவாளரை அது எட்டவில்லை. கைத்தறி கிரியின் துறையைச் சேர்ந்ததன்று, வணிக, தொழில் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. எனவே இப்பிரிவினைக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது சரியாகாது.

பதவி விலகல்

வங்கி ஊழியர் ஊதியம் குறித்துத் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1954ஆம் ஆண்டு அளித்த முடிவை, அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு ஊழியர்களுக்குப் பாதகமாக மாற்றியது. தீர்ப்பாயத்தை இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அரசே அதைத் திருத்துவது முறையன்று எனக் கருதிய கிரி அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். கட்டாயத் தீர்ப்பு முறையை விரும்பாத ஒருவர், ஒரு தீர்ப்பைக் காக்கப் பதவியைத் துறந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் கொடுத்த சொல்லைக் காப்பது அவருக்கு முதன்மையாக இருந்தது. அரசு பின்னர் இதனை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவு பெரும்பாலும் மீட்கப்பட்டது.

ஆளுநர், குடியரசுத் தலைவர்

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் கிரி தோல்வியுற்றார். அதன்பின் உத்தரப் பிரதேசம் (1957-60), கேரளம் (1960-65), மைசூர் (1965-67) ஆகிய மாநிலங்களின் ஆளுநராக இருந்தார். 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் பொருளியல் கழகத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1967ஆம் ஆண்டு குடியரசுத் துணைத் தலைவரானார்.

1969 மே 3 அன்று சாகிர் உசேன் மறைந்ததும் கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். சூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டு, மறுநாள் பதவி விலகித் தேர்தலில் தனி வேட்பாளராக நின்றார். காங்கிரசின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் இரண்டாம் விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. கிரிக்கு 4,20,077 மதிப்புள்ள வாக்குகளும் ரெட்டிக்கு 4,05,427 மதிப்புள்ள வாக்குகளும் கிடைத்தன. இத்தேர்தலைத் தொடர்ந்து காங்கிரசு பிளவுபட்டது. தேர்தல் செல்லாது எனத் தொடுக்கப்பட்ட வழக்கில், பதவியிலிருக்கும்போதே உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். வழக்கு தள்ளுபடியானது.

பதவிக் காலத்தின் இறுதியில், 1974 மே மாதம், நாடு தழுவிய தொடருந்து வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்நின்று நடத்தியது கிரி நிறுவுவதில் பங்கு கொண்ட அதே தொடருந்துத் தொழிலாளர் கூட்டமைப்பு. தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்பட ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர், பலர் வேலை இழந்தனர். 20 நாள்களில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டியவர். அவ்வாண்டு ஆகஸ்டில் கிரி ஓய்வு பெற்றார்.

எழுத்துகள்

தொழில் உறவுகள் பற்றியும் இந்தியத் தொழிலாளர் சிக்கல்கள் பற்றியும் கிரி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். 1970ஆம் ஆண்டு வெளிவந்த நூல் கோடிக்கணக்கானோருக்கு வேலை தருவது பற்றியது. வேலையில்லாதவர்களைக் கொண்டு நிலப்படை அமைத்துத் தரிசு நிலங்களைத் திருத்துதல், வீடுதோறும் சிறுதொழில் ஆகியவற்றை அதில் வலியுறுத்தினார். வேலையற்றவருக்குப் பணம் தருவதைவிட வேலை தருவதே அவரது நோக்கமாக இருந்தது. வீட்டுத் தொழிலில் ஈடுபடுவோரின் வேலை நின்றுபோனால் என்ன செய்வது என்ற வினா, அந்தியூர் நெசவாளருக்குப் போலவே, அத்திட்டத்திலும் எஞ்சி நிற்கிறது. தன்வரலாறு 1976ஆம் ஆண்டு வெளியானது.

மறைவு

கிரி 1980 ஜூன் மாதம் சென்னையில் மாரடைப்பால் காலமானார். மனைவி சரசுவதி பாய். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனத்துக்கு 1995ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிற்காலச் சட்டங்கள்

1953ஆம் ஆண்டின் இழப்பீட்டு விதிகள் சிறு மாற்றங்களுடன் நீடித்து, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றன. பாதி ஊதியம், 50 தொழிலாளர் என்ற வரம்பு ஆகியவை அப்படியே உள்ளன. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

பங்களிப்பின் அடிப்படையிலான வேலையின்மை உதவி 2005ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு அடல் பெயரிலான திட்டம் 90 நாள் வரை சராசரி ஊதியத்தில் கால் பங்கு வழங்கியது. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் இது பாதியாக உயர்த்தப்பட்டது. இவ்வனைத்தும் காப்பீடு செய்யப்பட்ட ஊழியருக்கு மட்டுமே உரியவை.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் கைத்தறி, விசைத்தறி, ஆட்டோ ஓட்டுநர் எனப் பல தொழில்களுக்கு நல வாரியங்கள் உள்ளன. செயலி வழியே உணவும் பொருளும் கொண்டு சேர்ப்போர், வாடகை வண்டி ஓட்டுவோர் ஆகியோருக்கான வாரியம் 2023ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தகைய தொழிலாளரை நாடு முழுவதற்குமாக முதன்முறை வரையறுத்து, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்றது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட உதவிகள் ஆயுள், ஊனக் காப்பு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைப் பாதுகாப்பு, குழந்தைகள் காப்பகம் ஆகியவை. வேலையின்மை உதவி அப்பட்டியலில் இல்லை.

தமிழக அரசு படித்த இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பகம் வழியே தனியாக ஒரு வேலையின்மை உதவித்தொகை வழங்கி வருகிறது. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு, கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை மூன்றாண்டுகளுக்குக் கிடைக்கும். விண்ணப்பதாரர் அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ சுயதொழிலிலோ ஈடுபட்டிருக்கக் கூடாது என்பது இதன் விதிகளில் ஒன்றாகும்.